ஜப்பான் மொழி தொடங்குகிறவருக்கு: வாக்கியத்துக்குத் தமிழ், ஒலிக்கு மலாய்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்கிறோம். அடுப்படியிலிருந்து "போயிட்டு வா" என்று பதில் வரும். ஜப்பானில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரும் இதையேதான் சொல்கிறார்: "இத்தே கிமாஸ்". ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் "இத்தே ரஷ்ஷாய்" என்பார், அதாவது போய் வாங்க. ஆங்கிலத்தில் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருப்பவருக்கு ஜப்பான் மொழி வகுப்பு நடந்துபோகும் தூரத்தில் இருக்காது. ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போக வேண்டும், இல்லையென்றால் கைப்பேசியில்தான் படிக்க வேண்டும். ஆனால் நம் வாயில் ஏற்கெனவே தமிழும் மலாயும் இருக்கின்றன, கொஞ்சம் ஆங்கிலமும் இருக்கிறது. எதை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்று தெரிந்தால் பாதி வேலை குறையும். வாக்கியத்தைத் தமிழால் புரிந்துகொள்ளுங்கள். வல்லின ஒலிகளை மலாயிலிருந்து எடுங்கள். எழுத்துக்கு மட்டும் இரண்டும் உதவாது. அதை அவர்கள் எழுத்திலேயே படிக்க வேண்டும். இந்த மூன்றையும் மாற்றிப் போட்டுக்கொள்வதால்தான் பலர் ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்.

வீட்டில் பெரியவர்கள் "போயும் போயும் இந்த மொழியா?" என்று கேட்கலாம். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனதில் தோட்டத்துத் தமிழர் ஏராளம். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்தக் கேள்விக்கு எரிச்சல்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். 1982-இல் அரசாங்கம் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்த பிறகு வந்த தொழிற்சாலைகளையும் உபகாரச் சம்பளங்களையும் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையும் தெரிய வேண்டும்.

முதல் மூன்று வாரம் எழுத்து மட்டும்

வாங்க வேண்டியது இரண்டுதான்: ஒரு எச்பி பென்சில், சீனப்பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பெரிய கட்டம் போட்ட புத்தகம். டவுனில் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். கோடு போட்ட நோட்டு வேண்டாம். ஜப்பான் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சதுரத்துக்குள் உட்காருவது. கோட்டில் எழுதிப் பழகினால் ஒன்று குட்டையாகவும் இன்னொன்று நீளமாகவும் போய், பிறகு ‘கஞ்சி’ எனப்படும் சீன எழுத்தை எழுதும்போது கை திருந்தவே திருந்தாது.

முதலில் ஹிரகனா, 46 எழுத்து. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. அதற்குப் பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை போகும். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சொன்ன க, ச, த, ந, ப, ம, ய, ர, வ நினைவுக்கு வருகிறதா? பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன இந்திய எழுத்து முறையைப் பார்த்துத்தான் இந்த வரிசையை அடுக்கினார்கள். நம் ‘ப’ நிற்கும் இடத்தில் அங்கே ‘ஹ’ நிற்கிறது. பழங்காலத்தில் அது ‘ப’ ஒலியாகவே இருந்தது. ஆகவே வரிசையை மனப்பாடம் செய்ய நேரம் செலவழிக்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். அகராதியும் இதே வரிசையில்தான் இருக்கும்.

தமிழர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. நமக்கு ‘க’ தெரிந்தால் கி, கு, கெ எல்லாம் அதிலிருந்தே வரும். அங்கே அப்படி இல்லை. க, கி, கு, கெ, கொ ஐந்துக்கும் ஐந்து வேறு உருவம், ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 46-ஐயும் தனித்தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

நாளுக்கு ஒரு வரிசை, ஐந்து எழுத்து. காலையில் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பத்துத் தடவை எழுதுங்கள். மாலையில் புத்தகத்தை மூடிவிட்டு, அன்றைய ஐந்தையும் அதுவரை படித்த எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதுங்கள். பயன் தருவது இந்த மாலை வேலைதான். பார்த்துப் பார்த்து ஐம்பது தடவை எழுதினால் கை பழகும், தலை பழகாது. ய வரிசையில் மூன்று எழுத்துதான். கடைசியில் வ, ஒ, ன் என்று மூன்று. பத்து நாளில் முடிந்துவிடும்.

ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளில் நம் கண் மற்றவர் கண்ணைவிடக் கூர்மை. ‘ன’ இரண்டு சுழி, ‘ண’ மூன்று சுழி என்று பிரித்துப் பழகிய கண் அல்லவா? அதே கண்ணால் பாருங்கள். ‘மெ’ எழுத்தின் வால் நுனியில் ஒரு சுழி போட்டால் ‘நு’. ‘ரொ’வின் முடிவில் ஒரு சுழி போட்டால் ‘ரு’. ‘வ’வின் வளைவு உள்ளே சுழிந்தால் ‘நெ’. அதே வளைவு சுழியாமல் வெளிப்பக்கம் விலகிப் போனால் ‘ரெ’. இந்த ஏழையும் ஒரே பக்கத்தில் அருகருகே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போடும் வரிசையை முதல் நாளிலிருந்தே சரியாகப் பழகுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பது பொது விதி. வரிசை தவறினால் நிதானமாக எழுதும்போது தெரியாது. வேகமாக எழுதும்போது எழுத்து வேறு உருவமாகிவிடும்.

46 முடிந்ததும் புள்ளி வேலை. எழுத்தின் வலது தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் ஒலி மெலிந்து அதிரும்: ‘கல்’லின் ‘க’ மாறி ‘தங்க’த்தின் ‘க’ ஆகும். ‘ஹ’ வரிசையில் சின்ன வட்டம் போட்டால் ‘அப்பா’வின் ‘ப’. இப்படி 25 எழுத்து கூடும். பிறகு சின்ன ய, யு, யொ ஒட்டி வரும் க்ய, ஷ, ச்ச போன்றவை 33. புதிய உருவம் எதுவும் இல்லாததால் மூன்று நாள் போதும்.

மூன்றாவது வாரம் கத்தகனா. வெளிநாட்டுச் சொற்களுக்கும் பெயர்களுக்கும் உள்ள எழுத்து இது, இதுவும் 46. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அநேகம். தள்ளிப்போட்டால் உங்கள் பெயரையே எழுத முடியாது. முருகன் என்ற பெயரும் தமிழ் என்ற மொழிப் பெயரும் (அங்கே ‘தமிரு’) கத்தகனாவில்தான் வரும். ல, ள, ழ அங்கே கிடையாது, எல்லாம் ‘ர’ ஆகிவிடும். செல்வி ‘செருவி’ ஆவார். பெயர் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். அவர்கள் காதில் அப்படித்தான் விழும்.

கத்தகனாவில் எல்லாருமே குழம்பும் நால்வர்: ஷி, த்ஸு, ஸொ, ன். உருவத்தை வெறித்துப் பார்ப்பதால் பிரிக்க முடியாது. கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். ‘ஷி’யிலும் ‘ன்’னிலும் நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். ‘த்ஸு’விலும் ‘ஸொ’விலும் மேலிருந்து கீழே இறங்கும். ‘ஷி’யின் இரண்டு சின்னக் கோடும் ஒன்றின் கீழ் ஒன்று, ‘த்ஸு’வின் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கையால் எழுதினால் ஒரே நாளில் பிரிந்துவிடும், கண்ணால் மட்டும் படித்தால் ஒரு வருடமானாலும் பிரியாது.

ரூமி எழுத்தில் ஜப்பான் சொல் எழுதியிருப்பதைப் பத்தாம் நாளோடு விட்டுவிடுங்கள். மலாய் படித்த கண் ‘இ’யையும் ‘எ’யையும் அங்கே மலாய்ப் பழக்கத்தில் படிக்கும், ‘எ’ வரும் இடத்தில் ‘பெக்கான்’ என்ற சொல்லின் முதல் எழுத்து மாதிரி மழுங்கிய ஒலி வந்துவிடும். ஜப்பான் மொழியில் அந்த மழுங்கிய ஒலி இல்லவே இல்லை.

ஒலி: தமிழ் எழுத்து ஏமாற்றும் இடம்

இந்தக் கட்டுரையில் ஜப்பான் சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். வேறு வழியில்லை. ஆனால் நீங்கள் உங்கள் நோட்டில் அப்படி எழுதி வைத்துப் படிக்காதீர்கள். காரணம் ஒரே ஒரு உதாரணத்தில் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு சொல், படிப்பைப் பாதியில் விட்டு விலகுவதற்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘தைககு’தான். முதல் எழுத்து ‘பந்து’வில் வருகிற அதிரும் ‘த’ என்றால் பல்கலைக்கழகம். ‘பத்து’வில் வருகிற அதிராத ‘த’ என்றால் படிப்பை விட்டாயிற்று. தமிழில் சொல்லின் முதலில் வல்லினம் அதிராது. அந்தப் பழக்கத்திலேயே சொன்னால், நேர்காணலில் "பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன்" என்று சொல்ல வந்தவர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். பொன்னும் வெள்ளியும் இப்படித்தான்: இரண்டுமே ‘கின்’. அதிராத ‘க’ பொன், அதிரும் ‘க’ வெள்ளி.

தமிழில் வல்லினம் எங்கே அதிரும் என்பதை இடம் முடிவு செய்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராது. மெல்லினத்துக்குப் பின் அதிரும். இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வந்தால் மெலிந்துவிடும். ஜப்பான் மொழியில் இந்தச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் நமக்கு இரண்டு இடம் கடினம்.

முதலாவது, உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் அதிராத வல்லினம். "வாங்க" என்பதற்கு ‘கிதே குதசாய்’. "வெட்டுங்க" என்பதற்கு ‘கித்தே குதசாய்’. பால்மரக் காட்டில் வளர்ந்தவருக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். ‘கித்தே’ நமக்குச் சுலபம், ‘பத்து’ மாதிரி. ‘கிதே’தான் சிக்கல். ‘த’வை மெலித்தால் தவறு, இரட்டித்தால் வெட்டச் சொன்னதாகிவிடும். இங்கேதான் மலாய் கைகொடுக்கிறது. மலாயில் நாம் என்பதற்குச் சொல்லும் ‘கித்தா’, மறந்துபோவதற்குச் சொல்லும் ‘லுப்பா’, காலுக்குச் சொல்லும் ‘காக்கி’, இவற்றை மலாய்க்காரர் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். தமிழில் எழுதும்போது இரட்டித்தாலும் அவர்கள் வாயில் அது ஒற்றை, அதிராது. அதே நாக்கு, அதே அளவு. அதுதான் ‘கிதே’யின் ‘த’.

இரண்டாவது, மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம். நலம் என்ற சொல் ‘கென்கி’. முதல் ‘க’ அதிரும், இரண்டாவது அதிராது. தமிழ் வாய் இதைத் தலைகீழாக்கிவிடும், முதலை அதிராமல் சொல்லி இரண்டாவதை ‘சங்கு’ மாதிரி அதிர வைக்கும். இதற்கும் மலாயில் மருந்து உண்டு. நாம் தமிழில் ‘கம்பம்’ என்கிறோம், அங்கே ‘ப’ அதிர்கிறது. அதே ஊரை மலாயில் ‘கம்போங்’ என்னும்போது ‘ப’ அதிராது. இரண்டையும் மாறி மாறி ஐந்து தடவை சொல்லுங்கள், வித்தியாசம் உதட்டிலேயே தெரியும். பிறகு ‘ஸன்பொ’ (நடைப்பயிற்சி), ‘கென்கி’, ‘கன்தன்’ (எளிது) ஆகியவற்றை அந்தக் கம்போங் ‘ப’ மாதிரிச் சொல்லுங்கள். சொற்களை நினைவில் வைக்கப் பலரும் பயன்படுத்தும் செயலி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மனப்பாடம் என்று பொருள்படும் ஜப்பான் சொல்தான்: அன்கி. அதை நம்மில் பலர் சாமியார் போடும் ‘அங்கி’ மாதிரி உச்சரிக்கிறார்கள். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வதிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம்.

‘த’வைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தைப் பார்த்து ‘டோக்கியோ’, ‘டெஸ்’ (வாக்கியத்தை முடிக்கும் சொல்) என்று எழுதிப் பழகிவிட்டோம். ஜப்பானியர் நாக்கு ‘ட’வுக்கு மடிவதில்லை, பல்லைத்தான் தொடுகிறது. ‘தோக்யோ’ என்பதே அருகில். ‘ர’வும் நம் இடையின ‘ர’தான், ஆங்கில ஒலியை அங்கே கொண்டுவராதீர்கள்.

குறில் நெடில் நமக்குத் தாய்ப்பால். மலாய் மட்டும் பேசுகிறவர் ‘ஒபஸன்’ (அத்தை வயதுப் பெண்), ‘ஒபாஸன்’ (பாட்டி) இரண்டையும் ஒன்றாகவே கேட்பார். நமக்கு அந்தக் குழப்பம் வராது. இந்தக் கட்டுரையில் ‘தே’, ‘மாஸ்’ என்று நெடிலாக எழுதியிருப்பவை மட்டும் ஒலியில் குறில்தான். எழுதும்போது மட்டும் கவனம்: நெட்டோசை ‘ஓ’வைப் பெரும்பாலும் ஒ, உ என்று இரண்டு எழுத்தாகவும், ‘ஏ’வை எ, இ என்று இரண்டு எழுத்தாகவும் எழுதுவார்கள். ஆசிரியர் என்ற சொல்லை ‘ஸென்ஸெஇ’ என எழுதி ‘ஸென்ஸே’ எனச் சொல்வார்கள்.

மாத்திரைக் கணக்கில் ஒரு மாற்றம் உண்டு. நமக்கு மெய் அரை மாத்திரை. அங்கே ‘ன்’னும், இரட்டிக்கும் ஒற்றும் முழு மாத்திரை. ‘நிப்பொன்’ என்பது நான்கு தட்டு: நி, ப், பொ, ன். ‘ஸன்பொ’ மூன்று. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். தட்டு குறைந்தால் சொல் அவசரமாகக் கேட்கும், சில நேரம் வேறு சொல்லாகவே ஆகிவிடும்.

‘உ’ ஒலிக்கு உதட்டைக் குவிக்க வேண்டாம். ‘காசு’, ‘பந்து’ முடிவில் வரும் குற்றியலுகரம் இருக்கிறதே, அதுதான் மிக அருகில். ‘தெஸ்’, ‘மாஸ்’ முடிவில் அதுவும் அடங்கிப் போய் வெறும் மூச்சாகிவிடும். அதனால்தான் இங்கே ‘இகிமாஸ்’ என்று எழுதுகிறோம்; எழுத்தில் கடைசியில் ‘சு’ இருக்கும்.

வாக்கியம்: இங்கே தமிழை நம்புங்கள்

வதஷி வ, அஷித, பஸு தே, ஈப்போ எ, இகிமாஸ்.
நான், நாளைக்கு, பஸ்ஸில், ஈப்போவுக்கு, போகிறேன்.

ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ‘ஒ’ என்றால் ஐ, ‘கர’ என்றால் இருந்து, ‘மதே’ என்றால் வரை, ‘நொ’ என்றால் உடைய, ‘மொ’ என்றால் உம். வாக்கியக் கடைசியில் ‘க’ போட்டால் நம் ‘ஆ’ போல அது கேள்வியாகிவிடும். "நேற்று வாங்கிய புத்தகம்" என்பது ‘கினோ கத்த ஹொன்’; பெயரெச்சம் நம்மைப் போலவே பெயருக்கு முன்னால். ‘என்று’ என்பதற்கு ‘தொ’.

ஆங்கில விளக்கப் புத்தகத்தில் பத்துப் பக்கம் போகும் ‘தே’ வடிவம் நம் வினையெச்சம்தான். சாப்பிட்டுப் பார் என்றால் ‘தபெதே மிரு’. ‘மிரு’ என்றால் பார் என்றே பொருள். கொண்டு போ: ‘மொத்தே இகு’. கொண்டு வா: ‘மொத்தே குரு’. செய்து வை: ‘ஷிதே ஒகு’, ‘ஒகு’ என்றாலும் வை என்றே பொருள். இதுபோன்ற ஒற்றுமைகளையும் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவருக்கு லாபம்தான். புத்தகத்தில் ஆங்கில விளக்கம் இருந்தால் படியுங்கள். ஆனால் ஒவ்வொரு உதாரண வாக்கியத்துக்கும் கீழே தமிழை எழுதுங்கள். ஆங்கிலத்தை நடுவில் வைத்தால் வாக்கியத்தை இரண்டு தடவை தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

இது, அது, எது என்பவை அங்கே நான்கு: ‘கொரெ’ என் பக்கத்தில் இருப்பது, ‘ஸொரெ’ உங்கள் பக்கத்தில் இருப்பது, ‘அரெ’ இருவருக்கும் தூரத்தில் இருப்பது, ‘தொரெ’ எது. பழந்தமிழில் ‘உது’ என்று ஒன்று இருந்ததைப் படித்திருப்பீர்கள். நடுவில் ஒன்று இருப்பது நமக்குப் புதுமை இல்லை.

தமிழை நம்பி விழும் குழிகளும் உண்டு, அவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நம் ‘இல்’ அங்கே இரண்டாகப் பிரியும். வீட்டில் இருக்கிறேன் என்றால் ‘உச்சி நி’. வீட்டில் சாப்பிடுகிறேன் என்றால் ‘உச்சி தே’. இருப்புக்கு ‘நி’, செயலுக்கு ‘தே’. ஏழு மணிக்கு என்றால் ‘நி’ வரும். நாளைக்கு என்றால் வராது, வெறும் ‘அஷித’தான். எனக்குப் பிடிக்கும் என்பதை அப்படியே ‘நி’ போட்டுச் சொல்லக் கூடாது: ‘வதஷி வ’ என்று தொடங்கி, பிடித்த பொருளுக்கு ‘க’ போட்டு (தங்கத்தின் ‘க’) ‘ஸுகி தெஸ்’ என்று முடிக்க வேண்டும். ஒருவரைச் சந்தித்தேன் என்பதில் நமக்கு ‘ஐ’, அவர்களுக்கு ‘நி’. யாராவது "வா" என்று கூப்பிட்டால் நாம் "இதோ வரேன்" என்போம். அவர்கள் ‘இகிமாஸ்’, போகிறேன் என்பார்கள்.

வினையில் நான், நீ, அவன் என்ற விகுதி கிடையாது. ‘இகிமாஸ்’ என்பது போகிறேன், போகிறாய், போகிறார், போவார்கள், எல்லாமும்தான். யார் என்பது சூழலில் தெரியும். அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘வதஷி வ’ என்று தொடங்காதீர்கள், முதல் தடவை சொன்னால் போதும். "நீங்கள்" என்பதற்கு ‘அனத’ என்று புத்தகத்தில் இருக்கும். எதிரில் இருப்பவரிடம் அதைச் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படும். பெயரோடு ‘ஸன்’ சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு நீங்களே ‘ஸன்’ போடாதீர்கள்.

அண்ணன் வேறு தம்பி வேறு, அக்கா வேறு தங்கை வேறு என்பது அங்கேயும் உண்டு. கூடுதலாக, என் அம்மா ‘ஹஹ’, உங்கள் அம்மா ‘ஒகாஸன்’. சொந்தக் குடும்பத்தைப் பிறரிடம் தாழ்த்திச் சொல்வது வழக்கம்.

எண்ணிக்கையில் நம் தமிழைவிட மலாய்தான் கைகொடுக்கும். பள்ளியில் படித்த ‘பென்ஜோடோ பிலாஙான்’ நினைவிருக்கிறதா, செஓராங், செஏக்கோர், செபாத்தாங், செக்கெப்பிங்? அங்கேயும் அப்படியே. ஆளுக்கு ஹிதொரி, ஃபுதரி, ஸன்னின். நீளமானதற்கு இப்பொன், நிஹொன், ஸன்பொன். தட்டையானதற்கு இச்சிமாய், நிமாய், ஸன்மாய். சிறு விலங்குக்கு இப்பிகி, நிஹிகி, ஸன்பிகி. விதியைத் தேடாதீர்கள், ஒன்று முதல் பத்து வரை பாட்டாகச் சொல்லிப் பழகுங்கள்.

சொல்லும் கஞ்சியும்

அன்கி ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. நாளுக்குப் பத்துப் புதிய சொல் போதும். ஒரு மாதம் கழித்து நாள்தோறும் மறுபார்வைக்கு வரும் சொல் அட்டை எழுபது எண்பதைத் தொட்டுவிடும். முதல் வார உற்சாகத்தில் முப்பது போட்டால் மூன்றாவது வாரத்தில் இருநூறுக்கு மேல் குவியும். இரவு ஷிப்ட் முடிந்து வந்த அன்று அதைப் பார்த்ததும் செயலியையே மூடத் தோன்றும், அத்தோடு படிப்பும் நின்றுவிடும். வேலை அதிகமான நாளில் புதிய சொல்லை நிறுத்துங்கள், மறுபார்வையை மட்டும் நிறுத்தாதீர்கள். கம்பெனி பஸ்ஸில் போகும் நேரமே இதற்குப் போதும்.

சீன எழுத்தான கஞ்சியை (அதிரும் ‘க’வல்ல, ‘கல்’லின் ‘க’; நம் கஞ்சிக்கும் அதற்கும் ஒலி ஒட்டும்) இரண்டாவது மாதத்தில் தொடங்குங்கள். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. முதல் வருடத்துக்கு நூறு போதும். ஒரே எழுத்துக்கு ஏன் இரண்டு மூன்று ஒலி என்று எல்லாரும் திகைப்பார்கள். தமிழில் வைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு ஒரு படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக வந்தால் ‘தண்ணீர்’ என்று படிக்கிறீர்கள். ‘தோஷம்’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் ‘ஜல’ என்று படிக்கிறீர்கள், ஜலதோஷம். ஜப்பானில் அந்த எழுத்து தனியாக ‘மிஸு’, கூட்டுச் சொல்லில் ‘ஸுஇ’. ஒன்று அவர்கள் சொந்தச் சொல், மற்றது சீனத்திலிருந்து வந்தது. ஆகவே ஒலிப் பட்டியலைத் தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லோடு சேர்த்தே படியுங்கள்.

முதல் ஏழு எழுத்துக்குக் கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: சூரியன், நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண். ஞாயிறு முதல் சனி வரை அதே வரிசை, நம் கிழமைகளைப் போலவே கோள்களின் வரிசை. நிலா எழுத்துக்கு மாதம் என்றும் பொருள். நம் ‘திங்கள்’ போல. மரம் ஒன்று என்றால் ‘கி’, இரண்டை அருகருகே எழுதினால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. ரப்பர் மரம் ‘கொமு நொ கி’. எழுத்தை அழிக்கும் ரப்பர் ‘கெஷிகொமு’. பக்கத்து வீட்டில் சீனப்பள்ளியில் படித்தவர் இருந்தால் கோடு போடும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம் நாட்டுச் சீனப்பள்ளிகளில் கற்பிப்பது எளிமையாக்கிய எழுத்து. சில எழுத்து ஜப்பானில் வேறு உருவம், சில சொல்லுக்குப் பொருளும் வேறு.

புத்தகம், நேரம், தேர்வு

ஜப்பான் பவுண்டேஷன் வெளியிட்ட ‘இரோதோரி’ பாடநூலும் அதன் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். அதே அமைப்பின் ‘மினாதோ’ தளத்தில் இணைய வகுப்புகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பாடநூலை எடுத்து முடியுங்கள். மூன்று புத்தகத்தின் முதல் ஐந்து பாடத்தை மட்டும் படித்தவர்கள்தான் அதிகம்.

நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இருபது நிமிடம் மறுபார்வை, இருபது நிமிடம் பாடம், இருபது நிமிடம் கேட்பது. கேட்கும்போது பாட உரையாடலை ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, அவர் சொன்ன வேகத்திலேயே திருப்பிச் சொல்லுங்கள். கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள். ‘கென்கி’ தலைகீழானதா, ‘கிதே’ இரட்டித்ததா என்பது பேசும்போது தெரியாது, கேட்கும்போது சட்டென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் மேல்.

தேர்வு ஜேஎல்பிடி, அதாவது ஜப்பான் மொழித் திறன் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடக்கிறது. பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். என்-5 தொடக்க நிலை, என்-1 உச்சம். என்-5 மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 80. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19-உம், மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38-உம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். ஒன்றில் குறைந்தால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தேர்ச்சி இல்லை. பேச்சுத் தேர்வு கிடையாது, கையால் எழுதும் தேர்வும் கிடையாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் படிக்கிறவர் ஒரு வருடத்தில் என்-5 எழுதலாம். அந்தச் சான்றிதழைக் காட்டி ஜப்பானில் வேலை வாங்கித் தருவதாக யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். என்-5 என்பது படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கான அடையாளம், வேலைக்குப் பெரும்பாலும் அதைவிட மேலான நிலை கேட்பார்கள்.

தேர்வுக்கு முந்தின நாளே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, இரண்டு எச்பி பென்சில், ஒரு கெஷிகொமு. மண்டபத்தில் கைப்பேசியை முழுக்க அணைத்துவிடுங்கள், மணி அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட்டல் பகுதியில் ஒவ்வொரு கேள்வியின் உரையாடலும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். தவறவிட்டதை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும். ஏதாவது ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குக் காதைக் கொடுங்கள்.